எத்தனை அம்மா நாள்?

எங்கள் தெருவில் வேலைக்குப் போகாத ஆம்பளைகள் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர்கள் காலையில் டீக்கடைக்குப் போய், மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் பார்த்து, கர்நாடகத்தைத் திட்டிவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் பொறுப்பான குடும்பத் தலைவர்கள். ஒன்பதாவது ஆள் வீட்டிலேயே இருந்து தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதைத்தான் தெருவால் தாங்க முடியவில்லை.

என்னாலும்தான். நான் அப்போது கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர் எதிர் வீடு. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் டீச்சருக்கு எதிரில் குடிவருவது, சலூன் கடைக்கு எதிரில் சடாமுடிச் சாமியார் மடம் போட்ட மாதிரி.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் தெருவுக்கு விளங்காது. அவரை எல்லோரும் 'வீட்டு வாத்தியார்' என்றுதான் சொன்னார்கள். துபாயில் கேஸ் ஆகி ஓடிவந்தவர், ஃபீஸ் கட்ட வக்கில்லாதவர், ஜாதகத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகாது என்று இருக்கிறது, இப்படி ஆளுக்கொரு கதை. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்பது மட்டும் எல்லாக் கதைகளிலும் இருந்தது. அதைச் சொன்ன எட்டுப் பேரின் பெண்டாட்டிகளும் அந்நேரம் நடவு வயலில் நின்றார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் சம்சாரம் நாகப்பட்டினத்தில் ஒரு நகைக்கடன் கம்பெனியில் வேலை பார்த்தாள். நகையை உரசிப் பார்த்து, எடை போட்டு, ரசீது கொடுக்கிற கவுண்டர். எங்கள் தெருவின் பாதிக் கழுத்து அந்தக் கம்பெனிப் பெட்டகத்தில்தான் இருந்தது. என் இரண்டு வளையலும். ஆனால் தெருவில் பார்த்தால், "சாப்டீங்களாக்கா?" என்பதற்கு மேல் அவள் முகத்தில் ஒரு எழுத்து இருக்காது. மாசம் முழுக்க ஊரார் ரகசியத்தைச் சுமந்து நிற்பதற்கு அவளுக்குச் சம்பளம் இருபதாயிரத்து எண்ணூறு. இருபத்தாறு வேலை நாள். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். தெருவுக்கே தெரியும். ஏனென்றால் அந்த வீட்டில் ரூபாய் என்ற பேச்சே கிடையாது. எண்ணூறு ரூபாய் என்பது ஒரு 'அம்மா நாள்'. நானூறு அரை அம்மா நாள். மிக்சி நாலு அம்மா நாள். கரண்ட் பில் ஒன்றரை. அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட்டது எல்லாம் இந்த நாணயத்தில்தான். அவர் அதற்கு மேல் இரண்டு சட்டம் வைத்திருந்தார். எதை வாங்குவதானாலும் மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு உடனே வாங்கக் கூடாது.

"வெல கேக்குறதுக்குக் காசு இல்ல" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகம், ஏதோ காவிரியைத் தானே வெட்டிக் கொண்டுவந்து விட்டவர் மாதிரி இருக்கும்.

விளைவு, கீழ்வேளூர் கடைத்தெருவில் அந்த இரண்டு பெண்களும் வருவதைப் பார்த்தாலே கடைக்காரர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒரு தடவை என் பையனையும் அவர்களோடு அனுப்பினேன். என் பையன் பலூன், சோழி மாலை, தண்ணீர்த் துப்பாக்கி, கண்ணாடி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தான். அந்தப் பெண்கள் நாற்பத்தோரு பொருளின் விலையைத் தெரிந்துகொண்டு வெறுங்கையோடு வந்தார்கள். யார் முகம் அதிகச் சந்தோஷமாக இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இங்கே சொல்ல மாட்டேன்.

எங்கள் வயலுக்கு அறுவடை மெஷின் வந்தபோது வரப்பில் 'வகுப்பு' நடந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார். மெஷினுக்கு மணிக் கணக்கில் வாடகை. எதிர் வீட்டுச் சின்னவள் கையில் அப்பாவின் பழைய வாட்சைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. வாட்ச் முழங்கை வரைக்கும் போய்ப் போய் வந்தது. மெஷின்காரர் மூன்று மணி நேரம் என்று சொன்னதும் எழுந்து வந்தாள்.

"மாமா, மெஷின் டீ குடிச்சது பதினெட்டு நிமிஷம். போன் பேசுனது பதினொண்ணு. அதுவும் சேத்தா மூணு மணி?"

மெஷின்காரர் அரை மணிக் காசைக் குறைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கப் போய், அவள் மூன்று கடையில் விலை கேட்டு, ஐஸ்கிரீம் கடையே மூடிவிட்டது. அடுத்த வருஷம் அந்த மெஷின் ஊரில் எல்லா வயலையும் முடித்துவிட்டு எங்கள் வயலுக்குக் கடைசியாக வந்தது. அதற்குள் மழை வந்து கதிர் சாய்ந்துவிட்டது. அரை மணிக் காசை மிச்சம் பிடித்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. எங்கள் வீட்டுக்காரர் எதிர் வீட்டைப் பார்த்து ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். தனியார் பள்ளி டீச்சர்களுக்கு மே மாதம் விடுமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கும் புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். மே மாதம் நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்போம். ஆளுக்குப் பத்துப் பிள்ளை இலக்கு. பத்துச் சேர்த்தால் மே மாதச் சம்பளம் உண்டு. சேர்க்காவிட்டால் ஜூனில் வந்து, வேலை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வருஷம் எனக்கு எட்டில் நின்றுபோனது. எதிர் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இரண்டு வருஷமாகத் தாண்டிப் போன வாசலில் நோட்டீசும் குடையுமாகப் போய் நின்றேன்.

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்று சேரை இழுத்துப் போட்டார். பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் பிழைப்பு அவருக்கு ஒரு பாடம்.

ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், கராத்தே, வாசலுக்கே வேன், முன்னாலேயே சேர்ந்தால் ஸ்கூல் பை ஓசி என்று ஒப்பித்தேன்.

"ஓசிப் பை யாரோட நாள் டீச்சர்?" என்றாள் பெரியவள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எனக்குப் புரியவில்லை.

அவர்தான் விளக்கினார். "ஒண்ணு ஓசியா வருதுன்னா வேற யாரோ ஒருத்தரோட நாள் அதுல போயிருக்கும்னு சொல்லிக் குடுத்துருக்கேன். அதக் கேக்குது."

அந்தப் பைக்கு எங்கள் சம்பளத்தில்தான் ஆளுக்கு முந்நூறு பிடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்லவில்லை.

ஃபீஸ் முப்பத்திரண்டாயிரம், வேன் எட்டாயிரம் என்றேன். பெரியவள் மோட்டுவளையைப் பார்த்தாள். "ஃபீசு நாப்பது, வேன் பத்து. ரெண்டு பேருக்கு நூறு அம்மா நாள்."

"அம்மா வருஷத்துக்கு முந்நூத்திப் பன்னண்டு நாள் போவுது" என்றாள் சின்னவள். "மூணுல ஒரு பங்குப்பா."

"அந்த நூறு நாளுக்குப் பிள்ளைங்களுக்கு என்ன கெடைக்கும் டீச்சர்?" என்று அவர் கேட்டார். கிண்டல் இல்லை. மிக்சிக்கு வாரண்டி கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஒழுக்கம்" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், ஒங்க நாள் எவ்ளோ?"

அவர் அதட்டுவார் என்று பார்த்தேன். அதட்டவில்லை. மூன்றாம் வகுப்பு வயசுப் பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கும் வரவில்லை. "மாசம் ஒன்பதாயிரத்து நூறு" என்றேன். அவள் விரலைப் பார்த்துவிட்டு முந்நூற்றைம்பது என்றாள். என் பையனுக்கு எவ்வளவு ஃபீஸ் என்றாள். டீச்சர் பிள்ளைக்குப் பாதி, பதினாறாயிரம்.

"நாப்பத்தஞ்சு நாள். மிச்சம் எரநூத்தம்பது."

அதாவது ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஜூலை கடைசி வரைக்கும் நான் வேலைக்குப் போவது, என் பையன் அதே கட்டடத்தில் மாடியில் உட்காருவதற்காக மட்டும். எட்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். இதை எனக்குச் சொல்ல ஒரு வாண்டு வேண்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் குடையை மறந்துவிட்டு எழுந்தேன்.

வாசல் வரைக்கும் குடையை எடுத்துக்கொண்டு வந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க. பதினோரு வருஷம் துபாய்ல என் நாள வித்தேன் டீச்சர். மூணு தங்கச்சி கல்யாணம். யாரும் எத்தன நாள்னு கேக்கல. கேட்டிருந்தா மண்டபத்தயாச்சும் கொஞ்சம் சின்னதா பாத்துருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின மாதம் பெரியவளுக்குப் பல் வலி வந்திருந்தது. டவுனில் ஒரு பல் டாக்டரிடம் ரூட் கெனால் வைத்தியம் செய்தார்கள். ஏழாயிரத்து இருநூறு. பல் தேய்க்காததன் விலை தெரியட்டும் என்று அவர் கூடத்துச் சுவரில் சாக்பீசால் எழுதிவைத்தார்: 'பல் – 9 அம்மா நாள்.' அந்த ஒன்பது நாளும் அவர் சம்சாரம் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கி, வாசல்படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். எப்போதும் செய்வதுதான். ஆனால் அந்த ஒன்பது நாளும் பெரியவள் கதவோரம் நின்று அதை எண்ணியிருக்கிறாள். எண்ணச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்கு அது தெரியவில்லை.

நான் ஃபீஸ் சொல்லிவிட்டு வந்து நாலைந்து நாள் இருக்கும். எட்டுப் பெயர் எழுதின லிஸ்டை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சின்னவள் வந்தாள்.

"டீச்சர், நாய்க்கடி ஊசி எவ்ளோ?"

"எதுக்குடி?"

"சும்மா. வெல கேக்குறதுக்குக் காசு இல்லல்ல? ரெண்டு மெடிக்கல்ல கேட்டுட்டேன். ஒருத்தரு நானூறுன்னாரு. இன்னொருத்தரு பெரியவங்கள அழச்சிட்டு வான்னாரு. மூணாவது நீங்க."

நான் லிஸ்டை மடித்தேன். "யார நாய் கடிச்சுது?"

"யாரையும் இல்ல." கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினாள். "ஒண்ணு போட்டாப் போதுமா, அஞ்சு போடணுமா டீச்சர்? அஞ்சுன்னா ரெண்டரை நாள் ஆவுது. ஒரு நாளுக்குள்ளன்னா அப்பாக்கிட்ட சொல்றேன்னு அக்கா சொன்னுச்சு."

தெருவைத் தாண்டி நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவர் கூடத்தில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். பெரியவளின் பாவாடையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினேன். நாலு பல். மேலே மஞ்சளை அப்பியிருந்தாள். ரைஸ்மில் பின்னால் குட்டி போட்ட நாய். கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவர் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தார். குழாயடிக்குத் தூக்கிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நான் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் அந்தப் பெண் கேட்கிறாள்: "ஆட்டோவுக்கு எவ்ளோப்பா?" உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் விலை சொன்ன மனுஷன் டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டிக்கொண்டே ஊசி போட்டார். "படிச்சவங்கதானே நீங்கள்லாம்? ரெண்டு நாளா என்ன பண்ணீங்க?"

"எவ்ளோ சிஸ்டர்?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கெழம அடுத்த ஊசிக்கு வா."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். பயந்த குரலில், "ஒண்ணும் இல்லன்னா யாரோட நாள்ப்பா?" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு வருஷத்துத் திட்டு என்னிடம் சேர்ந்து கிடந்தது. அத்தனையையும் அந்த வராண்டாவில் கொட்டினேன். "பல்லுக்குக் கணக்கு எழுதி வச்சீங்களேண்ணே, இவ உசுர எந்தச் சுவத்துல எழுதுவீங்க? நாலு பிள்ளைங்களோட பள்ளிக்கூடத்துல இருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. சின்னவள் மூன்று இடத்தில் விலை கேட்கிற பிள்ளையாக இல்லாவிட்டால், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்தப் பாடம்தான் கடியை மறைத்தது. அதே பாடம்தான் என் வாசலுக்கு வந்து அதைச் சொல்லவும் செய்தது. அப்போதே எனக்கு இது தெரியும். தெரிந்தே பாதியை விழுங்கினேன். எட்டு, பத்தாக வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் வந்தார். "ரெண்டு ஃபார்ம் குடுங்க டீச்சர்." பக்கத்தில் அவர் சம்சாரம் நின்றாள், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு. தாலிச் செயினைத் தன் கவுண்டரிலேயே வைத்து, தானே உரசி, தானே எடை போட்டு, தனக்கே ரசீது எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு மே மாதச் சம்பளம் வந்தது. ஒன்பதாயிரத்து நூறு. ஓசிப் பைக்குப் பிடித்தது போக எட்டாயிரத்து எண்ணூறு.

பெரியவளுக்கு ஊசி எல்லாம் முடிந்து கால் ஆறிவிட்டது. சின்னவள் என் வகுப்புக்கே வந்தாள். முதல் வாரம், "இந்த பெல்ட்டு வெளிய எவ்ளோ மிஸ்?" என்றாள். இரண்டாவது வாரம், டைரியில் பாதித் தாள் வெறுமையாக இருக்கும்போது ஏன் நூற்றிருபது ரூபாய் என்றாள். ஆபீசிலிருந்து என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை அடக்குங்கள் என்றார்கள். அடக்கினேன். அதில் எனக்கு எட்டு வருஷ அனுபவம். கேள்வியெல்லாம் பாடத்திலிருந்து மட்டும்தான் கேட்க வேண்டும் என்றேன். கெட்டிக்காரப் பிள்ளை, சீக்கிரம் கற்றுக்கொண்டது.

ஆண்டு விழாவுக்கு மூன்றாம் வகுப்பு முழுக்கப் பட்டாம்பூச்சி. டிரஸ் தொள்ளாயிரம் ரூபாய் என்று போர்டில் எழுதினேன். நாற்பது பிள்ளைகளும் டைரியில் எழுதிக்கொண்டார்கள். நான் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தேன். ஒரு அம்மா நாளுக்கு மேல் நூறு ரூபாய். கேளுடி, என்று மனசுக்குள் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ், ரெக்கை என்ன கலரு?"

ஸ்டாஃப் ரூமில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். சாக்பீசால் எழுதியதை ஈரத் துணியால் துடைத்த மாதிரி அந்தப் பிள்ளையைத் துடைத்துவைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

மார்ச்சில் டீச்சர்கள் மீட்டிங். இந்த வருஷம் ஆளுக்குப் பதினைந்து என்று தாளாளர் அறிவித்தார். என் கை தானாக மேலே போனது. "சார், மே மாசம் முழுக்க வெயில்ல அலையிறோம். அந்த ஒரு நாளோட வெல என்னங்க சார்?" என்றேன். தாளாளர் தாளைப் புரட்டி அடுத்த விஷயத்துக்குப் போனார். ஏப்ரல் கடைசியில் கவரில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஜூனில் எட்டிப் பார்க்கிற சிரமம்கூட எனக்கு வேண்டாம் என்று மிச்சப்படுத்தியிருந்தார்கள்.

அந்த மே மாதத்திலேயே எதிர் வீட்டு வாசலில் மினி லாரி வந்து நின்றது. அவர் சம்சாரத்துக்கு மன்னார்குடி கிளைக்கு மாற்றல். அவர் பீரோவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"வெல கேக்குறதுக்குக் காசு இல்லன்னு சொன்னீங்களேண்ணே. எனக்கு மாசம் ஒன்பதாயிரத்து நூறு ஆச்சு."

அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. கயிற்றை விட்டுவிட்டு நின்றார். நான் விழுங்கியதையும் அப்போதே சொல்லிவிட்டேன். "அன்னிக்கி ஆஸ்பத்திரில பாதிதாண்ணே சொன்னேன். சின்னவ வெல கேக்கப் போயித்தான் நமக்கே தெரிஞ்சுது. ஃபார்முக்காக அத மறச்சிட்டேன்."

"எனக்கும் தெரியும் டீச்சர்" என்றார். "தெரிஞ்சும் பயந்துட்டேன். சுவத்த வெள்ளையடிச்சிட்டேன்ல? இன்னும் அந்த ஒன்பது என் கண்ணுக்குத் தெரியுது." பிறகு மறுபடியும் கயிற்றைப் பிடித்தார். அங்கே போய்ப் பள்ளிக்கூடமா வீடா என்பதை இந்தத் தடவை பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்று சொன்னார்.

லாரி கிளம்பும்போது சின்னவள் டிரைவர் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டினாள். ஒரு வருஷமாக 'மிஸ்' என்று கூப்பிட்டவள்.

"டீச்சர்! இப்ப ஒங்க நாள் எவ்ளோ?"

நான் வாயைத் திறந்தேன். முந்நூற்றைம்பது என்று சொல்ல முடியாது. வேறு எண்ணும் என்னிடம் இல்லை. "தெரியலடி" என்றேன்.

லாரி நகர்ந்துவிட்டது. அவள் இடுப்பு வரைக்கும் வெளியே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"மூணு எடத்துல கேளுங்க டீச்சர்! ஒடனே குடுத்துடாதீங்க!"